அண்ணன் அணையவிடாத தீ

அரியர் என்ற சொல்லை எங்கள் தெருவுக்குக் கொண்டுவந்து சேர்த்த பெருமை எனக்குத்தான். தருவைகுளத்திலிருந்து தினமும் பஸ்ஸில் தூத்துக்குடிக்குப் போய் பி.எஸ்சி. வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். மற்ற பேப்பரெல்லாம் ஒழுங்காகத்தான் போயின. கரிம வேதியியல் மட்டும் என்னை இரண்டு தடவை கவிழ்த்துப் போட்டது. அதற்குள் கடைசி வருஷம் வந்துவிட்டது. கல்லூரிக்கு ஆள் எடுக்க வந்த ஒரு ரசாயனக் கம்பெனி, ஆய்வக வேலைக்கு என்னையும் தேர்வு செய்தது. ஒரே ஒரு நிபந்தனை: சேரும்போது அரியர் எதுவும் இருக்கக் கூடாது. ஆக, வரப்போகிற பரீட்சையில் அந்தப் பேப்பரை முடித்தே ஆக வேண்டும். இல்லையென்றால் வேலை போச்சு.

"இந்தத் தடவ விழ மாட்டேன், பாரு" என்று அம்மாவிடம் சவால் விட்டேன்.

அம்மா மீன் அரிந்துகொண்டே, "சொல்லுத வாயி கொஞ்சம் படிக்கவும் செய்யட்டும்" என்றாள்.

படிக்கத்தான் செய்தேன். தோழி ஒருத்தி ஒரு ஆப்பைக் காட்டித் தந்தாள். ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை என்று நாமே எழுதி அட்டை அட்டையாகப் போட்டு வைக்கலாம். கேள்வி வந்ததும் விடையைச் சொல்லிவிட்டு அட்டையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். சரியென்றால் பச்சைப் பொத்தான், தப்பென்றால் சிவப்பு. சிவப்பை அமுக்கினால் அந்த அட்டை அன்றைக்கே திரும்பி வந்து நிற்கும். பச்சையை அமுக்க அமுக்க வாரம் கழித்து, மாதம் கழித்து என்று தள்ளித் தள்ளிப் போகும். நமக்கு எது மறக்கும் என்று அதற்குத் தெரிவது இப்படித்தான். இது போக, ஒரு நாளும் விடாமல் படித்தால் திரையின் மேலே குட்டியாக ஒரு தீ எரியும். ஒரு நாள் விட்டால் அணைந்துவிடும். யாருடைய தீ அதிக நாளாக எரிகிறது என்று வகுப்பில் பீற்றிக்கொள்வோம். எனக்கு அந்தப் பீற்றல் ரொம்பப் பிடித்திருந்தது, மறைப்பானேன்.

சிக்கல் என்னவென்றால், போன் என்னுடையது இல்லை. என் போன் பேட்டரி உப்பிச் செத்துப்போயிருந்தது. அண்ணன் போனில்தான் அட்டைகளைப் போட்டிருந்தேன். அண்ணன் என்னைவிட மூன்று வயது மூத்தவன். அவன் படிப்பு பத்தாவதோடு நின்றது. யாரும் நிறுத்தவில்லை, அவனாகவே நிறுத்திக்கொண்டான். விசைப்படகில் தங்குகடலுக்குப் போகிறவன், போனால் கரை திரும்ப ஒரு வாரம் ஆகும், பத்து நாளும் ஆகும். காற்றுப் பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் போன் கூடவே போய்விடும். அவன் கரையில் இருக்கும்போது எனக்கு ஆப், கடலுக்குப் போனால் புத்தகம். இப்படித்தான் பேச்சு.

முதல் தடவை போனைக் கொடுக்கும்போது, "இதுல ஒரு அட்ட அழிஞ்சாலும் ஒன்னயச் சும்மா விடமாட்டேன்" என்று மிரட்டினேன்.

"ஒன் அட்டையில எனக்கென்னளா வேல?" என்றான். பிறகு திரையைப் பார்த்து, "அது என்ன, தீ?" என்று கேட்டான்.

"தெனமும் படிச்சா எரியும். ஒரு நா விட்டாலும் அணைஞ்சிரும். அப்புறம் மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும்."

தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான்.

அவன் திரும்பி வந்ததும் ஆப்பைத் திறந்தால், தீ எரிந்துகொண்டிருந்தது! சிக்னல் இல்லாத நாட்களை ஆப் கணக்கில் எடுக்காது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அதைவிட ஆச்சரியம், அன்றைக்குப் படிக்க வேண்டிய அட்டைகள் குறைந்திருந்தன. அடுத்த தடவை அவன் வந்தபோது இன்னும் குறைவு. அதற்கடுத்த தடவை, 'இன்று படிக்க எதுவும் இல்லை, அருமை!' என்று ஆப் எனக்குக் கை தட்டியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆப்பே சொல்லிவிட்டதே, இனி புத்தகம் எதற்கு என்று அதையும் மூடி வைத்தேன். வகுப்பில் ஒருத்தி விடாமல் என் தீயைக் காட்டிக்கொண்டு திரிந்தேன்.

பிறகு மாதிரித் தேர்வு வந்தது. கேள்வித்தாளைப் பார்த்தால் எல்லாம் எங்கேயோ பார்த்த முகமாக இருந்தது, ஒன்றுக்கும் விடை வரவில்லை. ஆல்டிஹைடையும் கீட்டோனையும் பிரித்தறியும் சோதனை என்ன என்று கேட்டிருந்தார்கள். அந்த அட்டையை என் கையாலேயே எழுதியிருந்தேன், அது மட்டும்தான் ஞாபகம் வந்தது. மேடம் தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது, "இப்படி எழுதுனா திரும்பவும் அரியர்தாம்மா" என்று மெதுவாகச் சொன்னார்கள். அவர்கள் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வீட்டுக்கு வந்ததும் அண்ணனிடமிருந்து போனைப் பிடுங்கினேன். ஒவ்வோர் அட்டைக்கும் என்றைக்கு எதை அமுக்கினோம் என்ற விவரம் ஆப்பில் இருக்கும். பார்த்தால் எல்லாம் பச்சை. ஒரு சிவப்பு இல்லை. கரிம வேதியியலில் எனக்குச் சிவப்பே விழாதாம்! தேதிகளைப் பார்த்தேன். எல்லாம் அண்ணன் கடலில் இருந்த நாட்கள்.

அவன் சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தான்.

"அண்ணே, கடல்ல வச்சு என் ஆப்பத் தொட்டியா?"

"பின்ன? ஒரு நாகூட விடலயே!" என்றான், அப்படி ஒரு பெருமையோடு. "வலய விட்டுட்டுச் சும்மாதான உக்காந்திருப்போம். அப்பம், கூட உள்ளவனுவ கேலி பண்ணுனாலும், எல்லாத்தையும் பச்ச பச்சயா அமுக்கி விட்ருவேன். செவப்புல அமுக்குனா ஒனக்கு மார்க்கு கொறஞ்சிருமோன்னு அதத் தொடவே இல்ல."

"அட பாவி! எனக்கு எல்லாம் தெரியும்னு அது நெனச்சிட்டு. பரீட்ச முடிஞ்ச பொறவுதான் இனி எல்லாத்தையும் கேக்கும். கெடுத்துட்டியே!"

பிசைந்த கை அப்படியே நின்றது. "ஒரு நா விட்டா மொதல்ல இருந்துன்னு நீதானளா சொன்ன? நவநா மாதிரின்னுல்லா நான் நெனச்சேன்."

எங்கள் வீடுகளில் ஒரு காரியம் வேண்டி நவநாள் தொடங்கினால் ஒன்பது நாளும் விடாமல் செபம் சொல்ல வேண்டும். நடுவில் விட்டுப்போனால் மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்குவோம். தொடங்கியவன் கடலுக்குப் போக வேண்டி வந்தால், மிச்ச நாட்களை வீட்டில் இருப்பவர்கள் அவனுக்காகச் சொல்லி முடிப்போம். அண்ணன் தொடங்கிய நவநாட்களில் பாதியை முடித்தவள் நான். இந்தத் தடவை தொடங்கியவள் நான், கடலில் இருந்தவன் அவன். ஒரு வார்த்தை புரியாத அட்டைகளை, கூட இருந்தவர்கள் கேலி செய்யச் செய்ய, எனக்காக ஒவ்வொரு நாளும் அமுக்கியிருக்கிறான். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. கோபம் மட்டும் போகவே இல்லை.

அன்று சாயங்காலமே எல்லா விவரத்தையும் அழித்தேன். அத்தனை அட்டையும் புதிதாகி, வரிசையில் வந்து நின்றது. அந்தத் தீயையும் ஆப்பின் செட்டிங்ஸில் போய் மறைத்துவிட்டேன். எவள் தீ எத்தனை நாள் எரிந்தால் எனக்கென்ன! பரீட்சைக்கு மூன்று வாரம்கூட இல்லை. மனதுக்குள் விடை சொன்னால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வோம் என்பது புரிந்திருந்தது. ஆகவே வினையைக் கையால் முழுதாக எழுதிப் பார்த்த பிறகுதான் அட்டையைத் திருப்புவது, ஓர் அம்புக்குறி தப்பினாலும் சிவப்பு என்று வைத்துக்கொண்டேன்.

அண்ணன் மறுபடி கடலுக்குக் கிளம்பினான். போனை என் முன்னால் வைத்தான்.

"நீயே வச்சிக்க. நான் பட்டன் போனக் கொண்டு போறேன்."

"பாட்டு?"

"நானே பாடிக்கிடுதேன்."

"போட்டுல மத்தவங்க பாவம்ணே" என்றேன். தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான்.

பஸ்ஸில் படித்தேன். உப்பளம் முழுக்க வெயிலில் கண்ணைக் கூசவைக்கும், திரையைத் துப்பட்டாவுக்குள் வைத்துப் படித்தேன். அம்மா மீனுக்கு மஞ்சள் தடவும்போது அடுப்படியில் உட்கார்ந்து படித்தேன். முதல் வாரம் சிவப்பாகவே விழுந்தது. விழட்டும் என்று விட்டேன். ஒரே அட்டை அன்றைக்கே நாலாம் தடவை வந்து பல்லைக் காட்டும்போது போனைத் தூக்கி எறியலாம் போலிருக்கும். எறியவில்லை, எழுதினேன். இரண்டாவது வாரத்தில் பச்சை கொஞ்சம் கொஞ்சமாகத் தலைகாட்டியது. இந்தப் பச்சை ஒவ்வொன்றும் நான் அமுக்கியது.

பரீட்சை எழுதினேன். முடிவு வந்த அன்று அண்ணன் கடலில் இருந்தான். போனில் பதிவெண்ணை அடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். அம்மாதான் போனைப் பிடுங்கிப் பார்த்து, எழுத்துப் புரியாமல், "இது என்னளா, பாஸா பெயிலா?" என்று உலுக்கினாள்.

பாஸ்!

போட்டு ஓனர் வீட்டுக்கு ஓடினேன். அவர் வீட்டில்தான் படகுகளோடு பேசும் வயர்லெஸ் செட் இருந்தது. அவர் கொஞ்ச நேரம் கூப்பிட்டுப் பார்த்து அண்ணனைப் பிடித்தார். மைக்கை என்னிடம் தந்து, "சுருக்கமாப் பேசு, எல்லாப் போட்டுக்கும் கேக்கும்" என்றார்.

"அண்ணே, நான் பாஸாயிட்டேன். அரியர் இல்ல. வேலைக்குப் போறேன்" என்றேன்.

இரைச்சல் மட்டும் வந்தது. கேட்கவில்லையோ என்று பயந்துவிட்டேன். அப்புறம் அவன் குரல் வந்தது.

"ஏளா, பக்கத்துப் போட்டுல உள்ளவனுக்குச் சரியாக் கேக்கலயாம். இன்னொருக்கச் சொல்லு."