நூறு கேபிக்குக் கீழே

என் மருமகளின் நான்கு வருட உழைப்பு காற்றில் போனதற்குக் காரணம் நான்தான். அந்தப் பழியை அவள் தலையிலேயே கட்டியவனும் நான்தான். அவளுக்கு இன்றுவரை தெரியாது. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

நான் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவன். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் துண்டு பொறுக்கத் தொடங்கி, இன்று சொந்தமாக ஷூ மேல்தோல் வெட்டும் யூனிட் வைத்திருக்கிறேன். சத்துவாச்சாரியில் மாடி வீடு. யாரும் தூக்கிவிடவில்லை... நானேதான் எழுந்தேன்!

அறுபத்தாறு வயதில் கம்ப்யூட்டரையும் விடவில்லை. வீட்டுக் கம்ப்யூட்டரில் இருப்பதையெல்லாம் தினமும் வெளி டிஸ்கில் நகல் எடுத்துவைக்க, வீடியோ பார்த்துப் பார்த்து நானே ஒரு ஸ்கிரிப்ட், கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லும் கட்டளை, எழுதினேன். பதினோரு வரி. வருகிறவர்களிடமெல்லாம் திறந்து காட்டினேன்.

“இன்னா மொதலாளி, தோலு போதாதுன்னு கம்ப்யூட்டரையும் பதம் போட ஆரம்பிச்சிட்டீங்களா?” என்று என் தோஸ்த் பாஷா சிரித்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மருமகள் கவிதா கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். முனைவர் பட்டத்துக்காக ஞாயிறுதோறும் பஸ் ஏறிப் பேரணாம்பட்டு போவாள். பீடி சுற்றும் பெண்களோடு உட்கார்ந்து பேசுவாள். குரலைப் பதிவு செய்ய அவர்கள் சம்மதிக்கவில்லை. அதனால் கேட்டதை மனத்தில் ஏந்திவந்து, அன்று மாலையே வீட்டுக் கம்ப்யூட்டரில் தட்டெழுதிவிடுவாள். ஒரு பெண்ணுக்கு ஒரு ஃபைல்.

ஒருநாள் அதையெல்லாம் ஏற்றிவைக்க ஒரு பென் டிரைவைச் செருகினாள்.

“இன்னாம்மா, என் மேல நம்பிக்க இல்லையா? நான் எழுதினது இருக்கச்சொல்லோ அது எதுக்கு?”

“அய்யோ, அப்பிடியெல்லாம் இல்ல மாமா” என்று ஏற்றுவதற்கு முன்பே அதைப் பிடுங்கிவிட்டாள். அதன்பின் அவள் பென் டிரைவைத் தொடவேயில்லை. மரியாதை... எனக்குக் காட்டிய மரியாதை!

என் ஸ்கிரிப்டில் ஒரு வரி இருந்தது. நூறு கேபிக்கு, அதாவது நூறு கிலோபைட் அளவுக்கு, கீழே உள்ள ஃபைலை நகல் எடுக்காமல் விட்டுவிடு என்று சொல்லும் வரி. ஏன் போட்டேன்? ஆயிரக்கணக்கான பொடி ஃபைல்களால் நகல் எடுக்க நேரமானது. தோல் ஷாப்பில் உள்ளங்கை அளவு துண்டு சரக்கில் சேராது. அதைத் தரையில் தள்ளிவிட்டு முழுத்தோலைத்தான் அடுக்குவோம். சின்னதென்றால் கழிவு... ஐம்பது வருடம் என் கைக்குத் தெரிந்தது அதுதான். வெறும் எழுத்து எவ்வளவு சின்ன இடத்தில் அடங்கிவிடும் என்று எனக்கு எப்படித் தெரியும்? யாரையாவது கேட்டிருக்கலாம். நான் எதற்குக் கேட்பேன்! நான்தான் எல்லாம் தெரிந்தவனாயிற்றே!

போன வருடம் கம்ப்யூட்டர் உயிரை விட்டது. கடைக்காரர் உள்ளே இருந்த டிஸ்க்கைப் பார்த்துவிட்டுக் கைவிரித்தார்.

“பயப்படாதம்மா, எல்லாம் என்கிட்ட பத்திரமா இருக்கு” என்று கடையிலேயே அவளிடமும் மகனிடமும் மார்தட்டிவிட்டு, அவர்களுக்கு முன்னால் வீட்டுக்கு வந்து வெளி டிஸ்க்கை என் லேப்டாப்பில் செருகினேன். என் மணிவிழா வீடியோ இருந்தது. யூனிட் திறப்புவிழாப் படங்கள் இருந்தன. கவிதாவின் பெயரில் ஒரு ஃபோல்டர் இருந்தது. திறந்தேன். காலி.

எந்த வரி என்று அந்த நொடியே புரிந்துவிட்டது. ஸ்கிரிப்டின் நகல் லேப்டாப்பிலும் இருந்தது. மகனும் அவளும் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வருவதற்குள் நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த வரியை அழித்தேன். அந்தக் காலி ஃபோல்டரையும் அழித்தேன்! அவள் சரியான இடத்தில்தான் வைத்திருந்தாள் என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

மகன் ஸ்கிரிப்டை வரிவரியாகப் படித்தான். “அப்பா எழுதினது சரியாத்தான் இருக்கு. நீ எங்க வெச்ச கவி?”

அவள் என்னைப் பார்த்தாள். “நீங்க சொன்ன எடத்துலதான் வெச்ச மாதிரி இருக்கு மாமா...”

“மாதிரி இருக்குன்னா இன்னாம்மா அர்த்தம்? அவசரத்துல வேற எங்கியாச்சும் போட்டிருப்ப” என்றேன். குரல்கூட நடுங்கவில்லை எனக்கு.

அவள் டிஸ்க்கை ஒருமுறை தானே தேடிப் பார்த்தாள். பிறகு தலையசைத்தாள். “அப்பிடித்தான் இருக்கும். தப்பு என்னுதுதான். உங்களுக்கு வீணா பேஜார் குடுத்துட்டேன் மாமா.”

என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்! நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

மறுபடி பேரணாம்பட்டு போனாள். சில பெண்கள் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். இருந்தவர்களும், “அதான் அன்னிக்கே சொன்னமே” என்று சலித்துக்கொண்டார்களாம். ஆய்வை முடிக்கத் தந்த கெடுவும் தீர்ந்தது. முனைவர் பட்டப் பதிவை ரத்து செய்யும்படி கடிதம் கொடுத்துவிட்டு வந்தாள்.

சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை அவள் எதிரே போய் உட்கார்ந்திருக்கிறேன். வாய் வரை வருகிறது. “படிக்காதவன் கெடுத்துட்டான்” என்று ஊர் சொல்லுமே... அந்த ஒரு சொல்லுக்கு இன்னும் அஞ்சுகிறேன். அவள் வாழ்க்கையைவிட என் பெயர் எனக்குப் பெரிதா? பெரிதாகத்தான் இருந்திருக்கிறது. இல்லையென்றால் இவ்வளவு நாள் பேசாமல் இருப்பேனா?

போன ஞாயிறு கவிதா எங்கும் போகாமல் வீட்டில்தான் இருந்தாள். பேத்தியின் பள்ளிப் படங்கள் இருந்த மெமரி கார்டை என்னிடம் நீட்டினாள்.

“இத நீங்களே வெச்சிக்கங்க மாமா. என்கிட்ட இருந்தா தொலைச்சிடுவேன்.”

“சரி, குடும்மா” என்று வாங்கிக்கொண்டேன்.