சம்பந்தியின் பல்லைக் கழுவிய ரக்கூன்

செங் வட்டாரத்துத் தொழிற்சாலையில் என்னோடு வேலை பார்க்கும் நண்பன், தான் வெளியூர் போய்வரும்வரை பார்த்துக்கொள்ளச் சொல்லி ஒரு ரக்கூனைக் கொண்டுவந்து விட்டான்.

"பூனை மாதிரிதான் லா, பயப்படாத."

பூனை கூண்டுத் தாழ்ப்பாளைத் திறக்குமா? இது திறந்தது. பூட்டுப் போட்டேன், கம்பியை விரித்தது. எதைக் கொடுத்தாலும் தண்ணீரில் அலசித்தான் தின்னும். ரொட்டியை அலசுவது, அது கரைந்து காணாமல் போனதும் என்னைச் சந்தேகமாய்ப் பார்ப்பது. கண்ணைச் சுற்றிக் கறுப்பு முகமூடி அதற்கு, திருடன் நானாம்!

இந்த லட்சணத்தில், மகளைப் பெண் கேட்டு உம்பாயிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் தங்கா பத்துவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பிள்ளைகளுக்குள் ஏற்கெனவே பிடித்துவிட்டது. பையனின் அப்பா தலையாட்டுவதுதான் பாக்கி.

"ப்பா, இன்னிக்கு மட்டும் அது வெளிய வந்துச்சு, அவ்ளோதான்" என்றாள் மகள்.

குளியலறையில் விட்டுக் கதவைச் சாத்தினேன். என்ன மூளை!

சாப்பாடு முடிந்தது. பெரியவர் இலையைத் தன் பக்கமாக மடித்தார். உறவு நிலைக்கும் என்று மனைவி கண்ணாலேயே சொன்னாள். எனக்கு உடம்பெல்லாம் பணிவு.

"வாங்க சம்பந்தி, கை கழுவிக்கலாம்" என்று துண்டோடு முன்னால் ஓடி, நானே குளியலறைக் கதவைத் திறந்துவிட்டேன். அவர் உள்ளே போய்ச் சாத்திய பிறகுதான் ஞாபகம் வந்தது.

உள்ளே ஒரு "ஐயோ!" வெளியே அதைவிடப் பெரிய "ஐயோ!" அது நான். சோபா மேல் எப்போது ஏறினேன், தெரியவில்லை.

"என்னங்க, உள்ள மாட்டிக்கிட்டது அவரு, நீங்க இல்ல!" என்று கத்தினாள் மனைவி.

மகள்தான் கதவைத் தள்ளித் திறந்தாள். சோபா மேலிருந்தே எல்லாம் தெரிந்தது. பெரியவர் பொக்கை வாயோடு சுவரில் பல்லியாய் ஒட்டிக்கொண்டிருந்தார். வடைத் துணுக்கை எடுக்கப் பல்செட்டைக் கழற்றி வைத்திருக்கிறார். ரக்கூன் அதை வாளித் தண்ணீரில் முக்கி, இரண்டு கையாலும் தேய்த்து, திருப்பிப் பார்த்து, திருப்தியில்லாமல் மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தது.

மகள் தாம்பூலத் தட்டிலிருந்து ஒரு வாழைப்பழத்தை நீட்டினாள். பல்லைக் கீழே போட்டுவிட்டு, பழத்தை அலசப் போனது அது.

பெரியவர் பல்லைக் குழாயில் காட்டி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மாட்டிக்கொண்டார்.

"எங்க வீட்டுல ஒருத்தரும் இவ்ளோ சுத்தமா கழுவுனதில்ல லா" என்றார்.

"அப்ப... கல்யாணம்?" என்றேன்.

"பொண்ணு வரட்டும். சீர்வரிசையில இத மட்டும் வச்சிராதீங்க. மொதல்ல எறங்குங்க சம்பந்தி, சோபா ஒடஞ்சிரும்."