கல்யாணப் பாடகரின் நாலாவது தட்டு

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் நான் மலாக்காவில், ஜாலான் பெண்டஹாரா தெருவில் ஓர் இசைத்தட்டுக் கடையில் வேலை செய்தேன். பக்கத்திலிருந்த காஜா பேராங்கிலிருந்து ஒரு பாடகர் அங்கே வருவார். ஒல்லியான மனிதர், எந்தப் பாட்டு ஓடினாலும் ஒரு காதைப் பொத்திக்கொண்டுதான் கேட்பார். சினிமாப் பாடகர் ஒருவரைப் போலவே பாடுவதால் ஊர்க் கல்யாணங்களுக்கெல்லாம் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அதே குரலில் அவர் பாடிய முதல் மூன்று தட்டுகளும் நன்றாக விற்றன.

நாலாவது தட்டில் ஆர்மோனியமே இல்லை. ரப்பர் தோட்டத்துத் தாலாட்டை அவர் ஒரு வரி பாட, பக்கத்து வீட்டில் இருந்த, தலைமுறைகளாக மலாய் பேசும் மலாக்காச் செட்டி அம்மாள் பந்துன் என்கிற மலாய் நாட்டுப்பாட்டில் ஒரு வரி பாடினார். பின்னால் ரெபானா மேளம் மட்டும். வாங்கியவர்கள் திருப்பிக் கொண்டுவந்தார்கள். கல்யாண அழைப்புகளும் நின்றுபோயின.

"ஏண்ணே இதைப் போட்டீங்க? எல்லாரும் திட்டுறாங்களே," என்று ஒருநாள் கேட்டேன்.

"முன்ன பாராட்டுவாங்க தம்பி. ஆனா 'அவரு மாதிரியே இருக்கு'ன்னுதான் சொல்வாங்க. இப்ப திட்டுறது என்னையத்தான் லா," என்று சிரித்தார்.

அவர் போனதும் அந்தத் தட்டை முழுதாகக் கேட்டேன். எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் பாடுவது அவர்தான் என்று முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது.