ஈசூனிலிருந்து புக்கிட் மேரா வரை: ஒரு ஜோடி ஸ்கீயும் என் சகலையும்

சிங்கப்பூருக்குள்ளேயே ஸ்கீ என்கிற பனிச்சறுக்குக் கட்டை வாங்கப் போய்வந்ததைப் பயணக் கட்டுரை என்று எழுதுகிறவன் அநேகமாக நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பனி விழாத ஊர். மலை என்று சொல்லிக்கொள்ள ஒரு மேடு. ஆனாலும் வருஷா வருஷம் இங்கிருந்து ஜப்பானின் ஹொக்கைடோவுக்குப் பனியில் சறுக்கப் போகிற கூட்டம் ஒன்று இருக்கிறது, அதில் எங்கள் குடும்பமும் உண்டு. போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை ஈசூனில் கிளம்பி, லிட்டில் இந்தியா போய், அங்கிருந்து புக்கிட் மேரா போய்த் திரும்பினேன். போக வர எல்லாம் சேர்த்து நாற்பது கிலோமீட்டர் இருக்கும். ஏன் போனேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பொறாமை.

புக்கிட் மேராவில் என் மாமியார் வீட்டு ஹாலில், தொலைக்காட்சிக்கு மேலே ஒரு படம் மாட்டியிருக்கிறது. பனிமலை உச்சியில் மூன்று பேர் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். என் மனைவி கவிதா, அவள் தங்கை மாலினி, மாலினியின் கணவன் பிரபு. நான் இல்லை. நான் பாதி மலையில் திரும்பிவிட்டேன். நாங்கள் போகிற பேக்கன்ட்ரிச் சறுக்கில் மேலே இழுத்துப் போக வண்டி கிடையாது. நாமே ஸ்கீயை மாட்டிக்கொண்டு மேலே நடந்து ஏறி, சறுக்கி இறங்க வேண்டும். எனக்கு வாடகைக்குக் கிடைத்தது ஒரு காலுக்குக் கிட்டத்தட்ட இரண்டு கிலோ. தொடை நடுங்க ஆரம்பித்ததும் வழிகாட்டி என்னைக் கீழே அனுப்பிவிட்டார். அன்று முழுக்க விடுதியில் மாமியாரோடு உட்கார்ந்து கொக்கோ குடித்தேன். அவர் வெந்நீர் ஊற்றுக்காக எங்களோடு வருகிறவர். வழிகாட்டி எடுத்த அந்தப் படத்துக்குக் கீழேதான் இப்போது சாப்பாட்டு மேசை. மாதம் இரண்டு ஞாயிறு அதைப் பார்த்துக்கொண்டே சோறு இறங்க வேண்டும்.

பிரபு கோயம்புத்தூரிலிருந்து வேலைக்கு வந்து எட்டு வருஷம் ஆகிறது. நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். ஸ்கீ பூட்ஸின் கொக்கியை எப்படிப் போடுவது என்று அவனுக்குக் காட்டிக் கொடுத்ததே நான்தான். இரண்டே குளிர்காலத்தில் என்னைத் தாண்டிப் போய்விட்டான். தாண்டியவன் தலைக்கனமாவது காட்டக் கூடாதா? இல்லை, அண்ணா அண்ணா என்று வாய் நிறையக் கூப்பிடுகிறான். கெட்டவனாக இருந்திருந்தால் நிம்மதியாக வெறுத்திருக்கலாம். போன அக்டோபரில் அவன் புது ஸ்கீ வாங்கிக் குடும்பக் குழுவில் படம் போட்டான். 184 சென்டிமீட்டர் நீளம், முழுக்க கார்பன், கன்னங்கரேல் என்று. வைக்க இடம் இல்லை என்றானாம், உடனே மாமியார் தன் வீட்டு ஸ்டோர் ரூமையே ஒழித்துக் கொடுத்துவிட்டார். என் பழைய கிரிக்கெட் பை அங்கிருந்துதான் வெளியே வந்தது. எனக்கு வயிறு எரிந்தது. அதே ஸ்கீ, இல்லாவிட்டால் அதைவிட நீளமானது, வாங்கியே தீருவது என்று கிளம்பினேன்.

ஈசூனில் எம்ஆர்டி ரயில் ஏறி நியூட்டனில் மாறினால் அடுத்த நிறுத்தமே லிட்டில் இந்தியா. முக்கால் மணி நேரம், இரண்டு வெள்ளி, அதாவது இரண்டு டாலர் சொச்சம். கடை சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில், நாணய மாற்றுக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. கீழே கறிவேப்பிலைக் கூடை, மாலை கட்டுகிறவர்கள், சனிக்கிழமைக் கூட்டம். படியேறிக் கதவைத் திறந்தால் குளிர்கோட்டு வரிசை. நடத்துகிறவர் வினோதா, முப்பது வயது இருக்கும். கனடாவில் படித்தபோது கற்றுக்கொண்டாராம். பழைய ஸ்கீக்களை வாங்கிச் சரிசெய்து விற்கிறார்.

“184, கார்பன், நடுவில் 108 மில்லிமீட்டர் அகலம்,” என்றேன், மனப்பாடம் செய்துகொண்டு போனதை.

“யாருக்கு அண்ணா?”

“எனக்குத்தான்.”

என்னை மேலும் கீழும் பார்த்தார். உயரம் கேட்டார், 170. எடை கேட்டார், 74. இரண்டு கிலோ குறைத்துத்தான் சொன்னேன். “வருஷத்துக்கு எத்தன நாள் ஸ்கீ பண்றீங்க?”

“ஆறு, ஏழு.”

“எப்ப விழுறீங்க? ஏறும்போதா, திரும்பும்போதா?”

இப்படி யாரும் என்னைக் கேட்டதில்லை. திரும்பும்போது என்று ஒத்துக்கொண்டேன்.

“அப்ப அது வேணாம் லா. அது ஸ்டிஃப். ஃபாஸ்ட்டா போறவங்களுக்குத்தான் அது வளையும். நீங்க கொஞ்சம் பின்னால சாஞ்சா போதும், உங்கள தூக்கிப் போட்டுடும். உங்களுக்கு லேசாவும் இருக்கணும், தப்பு பண்ணா பொறுத்துக்கவும் வேணும்.”

உள்ளேயிருந்து ஒரு ஜோடியைக் கொண்டுவந்தார். 167 நீளம், நடுவில் 94 அகலம், ஒன்று ஆயிரத்து முந்நூற்றைம்பது கிராம். உள்ளே லேசான மரம், ஓரத்தில் மட்டும் கொஞ்சம் கார்பன். முனை மேலே நன்றாக வளைந்து, கையால் அழுத்தினால் இணங்கிக் கொடுத்தது. பக்கத்தில் நிறுத்தினால் என் நெற்றிக்கு வந்தது. நிறம் கிளிப்பச்சை. எனக்குப் பிடிக்கவேயில்லை. பிரபுவின் ஸ்கீ பக்கத்தில் இதை வைத்தால் அப்பனும் பிள்ளையும் போல இருக்கும். எடைதான் முக்கியம் என்றால் இன்னும் லேசாக எடுப்போம் என்று சுவரில் இருந்த, காலுக்கு ஒரு கிலோவே வருகிற ஜோடியைக் காட்டினேன். வினோதா அதற்கும் தலையாட்டவில்லை. ரொம்ப லேசானது கட்டிப்பனியில் தடதடவென்று ஆடுமாம், அதை அடக்கக் காலில் பலம் வேண்டுமாம்.

யோசித்துச் சொல்கிறேன் என்று நழுவப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு சீனத் தம்பதி உள்ளே வந்தார்கள். அந்தப் பெண் நேராகக் கிளிப்பச்சை ஸ்கீயிடம் போய், தூக்கிப் பார்த்து, கணவனிடம் ஏதோ சொல்லிக் கண்ணை விரித்தாள். அவ்வளவுதான். அடுத்தவன் கொத்திக்கொண்டு போய்விடுவானோ என்கிற இந்தப் பதைப்புக்கு எங்கள் ஊரில் கியாசு என்று பெயர். பாட்டில் பாலோடு சேர்த்துக் குடித்து வளர்ந்தது. “அது என்னுது, பணம் கட்டியாச்சு,” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அப்புறம்தான் வங்கி அட்டையை எடுத்தேன். பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கிற பைண்டிங்கும் சேர்த்து 480 வெள்ளி.

ஏறுவதற்கு ஸ்கீயின் அடியில் ஒட்டுகிற நீளப் பட்டைக்கு ஸ்கின் என்று பெயர். ஒரு பக்கம் பசை, மறு பக்கம் பின்னால் வழுக்காதபடி கட்டையான முடி. அது தனியாக 150 வெள்ளி. வினோதா அதை அலமாரியிலிருந்து எடுக்கவில்லை, குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து எடுத்தார். மத்தியானச் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தது.

“நம்ம ஊர் சூட்டுல வெளிய வச்சா பசை உருகிடும் அண்ணா. ஸ்கீல ஒட்டினபடியே மட்டும் வச்சிடாதீங்க. பிரிச்சு, மடிச்சு, பையில போட்டு ஃபிரிட்ஜுல வைங்க. ஜப்பான்காரங்களுக்கு இந்தப் பிரச்சன இல்ல, அதனால பெட்டியில எழுதியிருக்காது.”

நீளப் பையோடு டாக்சி பிடித்தேன். புக்கிட் மேராவுக்கு ஏழெட்டுக் கிலோமீட்டர், 14 வெள்ளி. முன் இருக்கையைச் சாய்த்துப் பையை நீட்டி வைக்க வேண்டியிருந்தது. ஓட்டுநர் அறுபது வயதுத் தமிழர், கண்ணாடி வழியாகப் பையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

“காவடிக் கம்பியா தம்பி? தைப்பூசத்துக்கு இப்பவே ரெடியா?”

“இல்ல அண்ணே, பனியில சறுக்குறது.”

“இங்க ஏது லா பனி?”

“ஜப்பான்ல.”

“என்ன வேண்டுதல்?” என்றார். சகலையை மிஞ்ச வேண்டும் என்று சொல்ல முடியுமா? சும்மா பொழுதுபோக்கு என்றேன். நம்பவில்லை.

கவிதா காலையிலேயே அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். மாமியார் மீன் பொரித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் அடுப்படியில் இருக்க, நான் நைசாக ஸ்டோர் ரூமுக்குப் போனேன். இரண்டு ஜோடியையும் பக்கத்தில் நிறுத்தி எவ்வளவு குட்டை என்று பார்க்கத்தான். பிரபுவின் பையைத் திறந்தேன். அக்டோபரில் வாங்கியவன், அழகு பார்க்க ஸ்கின்னை ஒட்டி, ஒட்டியபடியே பையில் போட்டு, காற்று நுழையாத அறையில் வைத்திருக்கிறான். ஓரத்தைப் பிடித்து லேசாகத் தூக்கினேன். பசை பனங்கற்கண்டுப் பாகு மாதிரி நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. ஸ்கீயின் அடி முழுக்கப் பழுப்புப் பிசுக்கு. இரும்பு விளிம்பில் துரு. இதோடு பிப்ரவரியில் மலையடிவாரத்தில் போய்ப் பையைத் திறந்தான் என்றால் ஒரு அடி ஏற முடியாது.

பையை மூடினேன். கையைக் கழுவினேன். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் அவ்வளவு சந்தோஷமாக நான் மாமியார் வீட்டில் சாப்பிட்டதே இல்லை. இரண்டாம் தடவை சோறு வாங்கினேன். படத்தைப் பார்த்தும் சோறு இறங்கியது.

“என்ன, மூஞ்சி பளபளன்னு இருக்கு?” என்றாள் கவிதா.

“ஸ்கீ நல்லா அமைஞ்சிருச்சு.”

மீனை மென்றபடி பிப்ரவரியை மனசில் ஓட்டிப் பார்த்தேன். உச்சியில் நான், கவிதா, மாலினி. கீழே விடுதியில் பிரபு. அவனுக்கு எதிரே மாமியார். அங்கேதான் இடித்தது. போன வருஷம் அந்த விடுதியில் மாமியார் தன் கொக்கோவில் பாதியை என் கோப்பையில் ஊற்றினார், செத்துப்போன மாமனாரைப் பற்றிச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார், என் கையுறை ஈரத்தைக் கணப்பில் காயவைத்துக் கொடுத்தார். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவர் எனக்கே எனக்கு என்று கிடைத்த ஒரே நாள் அது. அதையும் தூக்கி அவனுக்குக் கொடுப்பதா? உச்சியைக்கூடக் கொடுத்துத் தொலைக்கலாம், இதைக் கொடுக்க மனசு வரவில்லை.

எச்சில் கையோடு ஸ்டோர் ரூமுக்கு எழுந்து போய், அந்தப் பிசுக்கை இடது கையால் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டேன். தனியாக அனுப்பியிருக்கலாம். எல்லோரும் பார்க்கட்டும் என்றுதான் குழுவில் போட்டேன். கவிதா படத்தையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

“ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுவுதாக்கும்,” என்றாள்.

உடனே பிரபு கூப்பிட்டான். மாமியார் ஒலிபெருக்கியில் போட்டார்.

“நல்லவேள சொன்னீங்ணா. எனக்குச் சுத்தமா தெரியாம போச்சு. நீங்க பாக்கலீன்னா அங்க போயி அசிங்கப்பட்டிருப்பனுங்ணா.”

மாமியார் உருகிவிட்டார். “பாத்தியா கவிதா, தப்ப ஒத்துக்கிட்டு எவ்ளோ பணிவா பேசுறாரு.” கண்டுபிடித்தவன் மீன்முள்ளோடு நின்றுகொண்டிருந்தேன்.

பிரபு மறுநாளே ஸ்கீயை வினோதாவிடம் கொண்டுபோய்ச் சுத்தம் செய்து, புது ஸ்கின் வாங்கினான். வைக்க இடம்? மாமியார் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி முழுக்க மீன், அவன் வீட்டுப் பெட்டி சின்னது. “எங்க வீட்டுல எடம் இருக்கு,” என்று கவிதா சொல்லிவிட்டாள். மூன்று மாதம் தினம் காலையில் தோசைமாவு எடுக்கக் கதவைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அவன் பை. 184 நீளத்துக்கான ஸ்கின், மடித்தால்கூட என்னுடையதைவிடத் தடிமன்.

பிப்ரவரியில் ஏறினோம். கிளிப்பச்சை என்னைக் கைவிடவில்லை. காலில் எடையே தெரியவில்லை. இறக்கத்தில் ஆறேழு தடவை பின்னால் சாய்ந்தேன், இரண்டு தடவைதான் விழுந்தேன். ஏற்றத்தில் பிரபு அந்த நீளத்தைத் திருப்ப முடியாமல் ஒவ்வொரு வளைவிலும் திணற, நான் அவனைத் தாண்டி உச்சிக்கு முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தேன். வழிகாட்டி பின்தங்கிய வேறு இருவரோடு கீழே இருந்தார். எங்கள் வீட்டார் மூன்று பேரும் வரிசையாக வந்து நின்றார்கள். மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. “சீக்கிரம் படம் எடுங்க, மூடிடும்,” என்றாள் கவிதா. எடுத்தேன். வழிகாட்டி வந்து சேர்ந்தபோது மேகம் மூடி, பக்கத்தில் நிற்கிறவர் முகமே தெரியவில்லை.

புதுப் படம் பழையதற்குப் பக்கத்தில் மாட்டியாகிவிட்டது. கவிதா, மாலினி, பிரபு. போன ஞாயிறு மாமியார் எனக்கு ரசம் ஊற்றிக்கொண்டே அதை நிமிர்ந்து பார்த்தார். “இதுலயும் நீங்க இல்லியே மாப்ள. பரவால்ல, அடுத்த வருஷம் உச்சிவரைக்கும் ஏறிடலாம்.”

போகத் திட்டமிடுகிறவர்களுக்கு: அடுத்தவர் ஸ்கீயைப் பார்த்து நீளம் முடிவு செய்யாதீர்கள். வருஷத்துக்கு ஒரு வாரம் சறுக்குகிறவருக்கு நெற்றியளவு போதும், அகலம் 90க்குச் சற்று மேல், ஒன்று 1,300, 1,400 கிராமுக்குள், முனை மெத்தென்று இருக்க வேண்டும். பூட்ஸைக் கையோடு கொண்டுபோய்ப் பைண்டிங்கை அங்கேயே அளந்துகொள்ளுங்கள். ஸ்கின்னைப் பிரித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், மாவுக்குப் பக்கத்தில் வைத்தால் ஒன்றும் ஆகாது. அப்புறம், எவ்வளவு லேசான ஸ்கீ வாங்கினாலும் சரி, உச்சிக்கு முதல் ஆளாக மட்டும் போய்த் தொலைக்காதீர்கள்.