பதினான்காம் அறைக்கான தாழ்ப்பாள்

எங்கள் மாணவியர் விடுதியில் சாவிக்கொத்தோடு அலைபவளைச் சாவியக்கா என்றுதான் கூப்பிடுவோம். பதினோரு வருடமாகக் கதவைத் திறப்பதும் பூட்டுவதும்தான் அவள் வேலை. ஆனால் அவள் வாய் திறந்தால் மூடாது. வீட்டில் படுத்த படுக்கையாகக் கணவர். அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

விடுதியில் ஓர் அருமையான விதி இருந்தது. அறைகளுக்கு உள்தாழ்ப்பாள் கூடாது. நாங்கள் என்ன செய்கிறோம் என்று வார்டன் எந்நேரமும் திறந்து பார்க்க வேண்டுமாம். வார்டன் திறக்கிற கதவைக் கண்டவனும் திறப்பானே என்று எந்தப் புண்ணியவானுக்கும் உறைக்கவில்லை.

ஊரில் எவனோ ஒருவன் மாணவிகளாகப் பார்த்துக் கொன்றுகொண்டிருந்தான். மூன்றாவது சாவு விழுந்த அன்று சாவியக்கா வார்டனிடம் போய்த் தாழ்ப்பாள் கேட்டாள். வார்டன் விதியைக் காட்டித் திருப்பி அனுப்பினார். இவளா விடுவாள்? இடித்த பழைய கட்டடத்தின் தாழ்ப்பாள்கள் ஸ்டோர் ரூமில் துருப்பிடித்துக் கிடந்தன. மதியம் வார்டன் கண்ணயரும் நேரத்தில் நாளுக்கு ஓர் அறையாகப் பொருத்தினாள். பதின்மூன்றாவது என் அறை. நாளைக்குப் பதினாலு என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, குழாய் பழுது பார்ப்பவன்போல் பையோடு அவன் வந்தான். தேர்வு விடுமுறை என்பதால் எல்லோரும் அறையில் படித்துக்கொண்டிருந்தோம். என் கதவை இரண்டு முறை தள்ளினான். தாழ்ப்பாள் ஆடியது, கழன்று வரவில்லை. நான் அலறினேன். அடுத்த கதவு திறந்தது.

பதினான்கில் இருந்தவள் முதலாமாண்டு. சத்தம் போட்டுப் படிப்பாள். சுவர் வழியாகக் கேட்டுக் கேட்டு அவள் பாடம் எனக்கும் பாதி மனப்பாடம். சமையல்காரர்கள் ஓடிவந்து அவனை அமுக்கிப் பிடிப்பதற்குள் அவள் உயிர் போய்விட்டது. சாவியக்கா அன்று அழவில்லை. அடுத்து வந்த நாட்களிலும் அழவில்லை.

ஒரு வாரம் கழித்து விசாரணைக் குழு கூடியது. எதற்கென்று நினைக்கிறீர்கள்? விதியை மீறியதற்கும், விடுதிப் பொருளை எடுத்ததற்கும் சாவியக்காவை விசாரிக்க. சாட்சி சொல்ல நானே வலியப் போனேன்.

பதின்மூன்று தாழ்ப்பாளையும் கழற்றிவிட்டு, மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் வேலையில் தொடரலாம் என்றார் தலைவர். அக்கா உடனே காகிதம் வாங்கி எழுதினாள். எனக்குச் சப்பென்று போனது. தலைவர் வாங்கிப் படித்தார். அவர் முகம் செத்துப்போனது. கடிதத்தை என் பக்கம் தள்ளினார்.

"பதினாலாம் ரூம் பொண்ணோட அம்மாவுக்கு. விதிய மீறுனதுக்கு இல்லம்மா. ஒரு நாள் லேட்டா மீறுனதுக்கு என்ன மன்னிச்சிடுங்க."

வேலை போய்விடும் என்று தலைவர் எச்சரித்தார்.

"போகட்டும் சார். சாவிய சாயங்காலம் தர்றேன். அதுக்குள்ள மிச்ச ரூமுக்கும் போட்டுடுவேன்."

நேராகப் பதினான்காம் அறைக்கு வந்தோம். நான் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொள்ள, அவள் ஸ்க்ரூவை முடுக்கினாள். முடிந்ததும் என்னை வெளியே அனுப்பிவிட்டு உள்ளே தாழ் போட்டுக்கொண்டாள். ஒரு வாரமாக அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் கேட்டது.

வார்டன் வேகமாக வந்து கதவைத் தள்ளினார். அது அசையவில்லை. உடனே திறக்கச் சொல் என்று என்னை அதட்டினார்.

நான் கதவை மறித்து நின்றேன்.

"அக்காவுக்கு எப்பத் தோணுதோ அப்பத் திறப்பாங்க மேடம். நீங்க வெளியிலயே நில்லுங்க."