மச்சாள் போட்ட சோட்டி

சிவதர்சினிக்கு மெடிசின் கிடைத்த செய்தி முரசுமோட்டைக்குள் பரவியபோது, வாழ்த்துச் சொன்னவர்களை விடப் பிள்ளையை விசாரித்தவர்கள்தான் அதிகம். "கைப்பிள்ளைக்காரி, எப்பிடிப் போய்ப் படிக்கப்போறா?" என்பதுதான் கடையடியில் கதை. இடம்பெயர்ந்த கொட்டிலில் ஒரு தரம், கலியாணம் முடித்து ஒரு தரம், பிள்ளை பெற்றபிறகு ஒரு தரம் என்று பரீட்சை எழுதி இடம் எடுத்தவளிடம் கேட்க வேறு கேள்வி ஒருவருக்கும் அகப்படவில்லை. அது சமாதான காலம். யாழ்ப்பாணப் பாதை திறந்திருந்தது. ஆனால் மருத்துவபீடத்தில் அவளோடு தெரிவானவர்களை எடுக்க இன்னும் அரை வருடத்துக்கு மேல் கிடந்தது.

"இவ்வளவு காலமும் நித்திரை முழிச்சுப் படிச்சனீர். இனிக் கொஞ்சம் ஆறியிரும்," என்றான் புருசன் பிரசாந்தன்.

ஆறியிருப்பது அவளுக்குத் தெரியாத வேலை. படங்கில் நெல்லைக் காயப்போட்டுக் காகம் கலைக்க இருத்தினாலும் மடியில் புத்தகத்தோடு இருக்கிறவள் அவள். கிடைத்த காலத்தை வீணாக்கக்கூடாது என்று உடனேயே இரண்டு வேலைகளைத் தொடங்கினாள். ஒன்று, கிளிநொச்சியில் இங்கிலிஷ் வகுப்பு. பீடத்தில் எல்லாம் இங்கிலிஷில்தான் படிப்பிப்பார்களாம். மற்றது, மகளைத் தானில்லாமல் இருக்கப் பழக்குவது.

இங்கிலிஷ் சுகமாக வந்தது. மகள்தான் கஷ்டம்.

இசைநிலாவுக்கு இரண்டரை வயது. தாயின் காதுச்சோணையை விரலுக்குள் வைத்து உருட்டாமல் அவளுக்குக் கண் மூடாது. காதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு விடுதிக்குப் போக முடியுமா? சிவதர்சினி பிள்ளையைப் பிரசாந்தனின் தமக்கை இராசமலரோடு படுக்கவிட்டுப் பார்த்தாள். ஊரே எழும்பும்படி அலறினாள் பிள்ளை.

இராசமலர் முப்பத்தாறு வயதுக்காரி. ஒவ்வொரு இடப்பெயர்வுக்கும் ஒவ்வொரு கலியாணப் பேச்சாகக் குழம்பி, கடைசியில் பேசுவார் இல்லாமல் போய், தம்பி வீட்டுக் குசினியைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டவள். வாய் காரம், கை சுத்தம்.

சிவதர்சினிக்கு ஒரு யோசனை வந்தது. தான் வீட்டில் உடுத்துக் கழற்றிய நீளச் சட்டையான சோட்டியைத் தோய்க்காமல் கொண்டுபோய் நீட்டினாள். "மச்சாள், படுக்கேக்க இதைப் போட்டுக்கொண்டு படுங்கோவன். என்ர மணத்துக்கெண்டாலும் படுப்பாள்."

"உன்ர வேர்வையையும் நான்தான் போடோணுமோ? பெரிய டாக்குத்தர்தான்," என்றாள் இராசமலர். ஆனாலும் போட்டாள். தோளில் இறுக்கி, கக்கத்தில் தையல் விட்டது. பிரசாந்தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிள்ளை சிரிக்கவில்லை. மாமி இராசமலரின் நெஞ்சை மணந்து பார்த்தாள், அழுதாள், திரும்பவும் மணந்தாள், கடைசியில் மாமியின் காதைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனாள். அடுத்த அறையில் சிவதர்சினி, கணக்குச் சரிவந்த பிள்ளையைப் போலச் சந்தோசப்பட்டாள்.

அந்தச் சந்தோசம் கன நாள் நிற்கவில்லை.

ஒரு பின்னேரம் வகுப்பு முடிந்து சைக்கிளில் வந்தவள், வாய்க்கால் கட்டில் மாமியின் இடுப்பில் இருந்து எருமை பார்த்துக்கொண்டிருந்த மகளைக் கண்டு கையை நீட்டினாள். "பிறகு," என்றாள் மகள், எருமையிலிருந்து கண்ணை எடுக்காமல். அது சிவதர்சினியின் சொல். படிக்கிற நேரத்தில் மடிக்கு வந்த பிள்ளையிடம் அவள் எத்தனை தரம் சொன்ன சொல். இராசமலர் சிரித்தாள்.

பொறாமை வந்தால் படித்தவளும் சின்னப்பிள்ளைதான். அடுத்த நாள் கண்டோஸ் சொக்கிலேற் வாங்கி வந்து இரகசியமாக மகளின் கையில் வைத்தாள். மகள் அதை உடைத்து, பெரிய பாதியைக் குசினிக்குக் கொண்டு ஓடினாள். வேறொரு நாள், விழுந்து முழங்கால் உரஞ்சின பிள்ளை, பக்கத்தில் நின்ற தாயைக் கடந்து கிணற்றடிக்கு ஓடியது. சிவதர்சினி குற்றம் பிடிக்கத் தொடங்கினாள். புட்டுக்குத் தேங்காய்ப்பூ கூடிப்போச்சாம். தலைக்கு எண்ணெய் கூடிப்போச்சாம்.

"உங்கட அக்கா கண்டபாட்டுக்குச் சீனி குடுக்கிறா," என்று புருசனிடம் முறையிட்டாள்.

"நீர்தானே குடுத்தனீர்."

"நான் எங்க சீனி குடுத்தனான்?"

"நான் பிள்ளையைச் சொல்லுறன்," என்றான் பிரசாந்தன்.

அவன் சொன்னது சரி என்பதுதான் அவளுக்குப் பெரிய கோபம்.

பிறகு ஒருநாள் கொடியில் அந்தச் சோட்டி காய்வதைக் கண்டாள். சவர்க்கார மணம் வாசல் வரைக்கும் வந்தது. கொடியடியில் நின்ற இராசமலரிடம் நேரே போனாள்.

"இதை ஆர் தோய்க்கச் சொன்னது?"

"ஊத்தை பிடிச்சுக் கிடந்தது, தோய்ச்சனான். நான் அதைப் போட்டுக் கன நாள். அது இல்லாமலே படுக்கிறாளே."

கேட்டது கிடைத்துவிட்டது. ஆறு மாதம் பாடுபட்டது இந்த ஒரு வசனத்தைக் கேட்பதற்குத்தான். கேட்டதும் சிவதர்சினியின் உடம்பு பற்றி எரிந்தது. "பெத்தவளுக்குத்தான் மச்சாள் அந்த அருமை தெரியும்," என்றாள்.

இராசமலரின் கை கொடியில் நின்றது. "ஓம்," என்றாள். திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் குசினிக்குள் போனாள்.

அன்று மத்தியானம் இராசமலர் பிள்ளையைக் கொண்டுவந்து தாயின் பாயில் கிடத்திவிட்டு, தம்பிக்குத் தேத்தண்ணி எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டாள். சிவதர்சினி மகளை அணைத்துக்கொண்டு படுத்தாள். தானே காதைக் கொடுத்தாள். சின்ன விரல் சோணையைத் தொட்டது, உருட்டியது, நின்றது.

"தோடு குத்துது," என்றாள் மகள்.

பிறந்த நாள் தொட்டு அந்தத் தோட்டோடுதான் உருட்டினவள். இராசமலர் வெறுங் காதுக்காரி. சிவதர்சினி தோட்டைக் கழற்றி வைத்தாள். மகள் திரும்பத் தொட்டுப் பார்த்தாள். பிறகு எழும்பிப் போய் வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு, மாமி மாமி என்று அழத் தொடங்கினாள். எந்தத் தேற்றலும் எடுபடவில்லை.

கடைசியில் அவளே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வயலுக்கு நடந்தாள். வரம்பில் நின்ற இராசமலரிடம் நீட்டினாள். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தாள். வாயில் வந்தது வேறு. "வெயிலுக்க நிக்காதேங்கோ, மச்சாள்."

இராசமலர் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டாள். பிள்ளை அங்கேயே, அந்த வெயிலிலேயே தூங்கியது. சிவதர்சினிக்கு மகளில் ஒரு வலி, மச்சாளில் ஒரு எரிச்சல். இரண்டையும் பிரித்தெடுக்க அவளால் முடியவில்லை. அதற்குப் பிறகு புறப்படும் வரைக்கும் இரண்டு பேரும் தேவைக்குத்தான் கதைத்தார்கள்.

போகிற நாள் வந்தது. பரந்தன் சந்தியில் யாழ்ப்பாண பஸ் நின்றது. பிரசாந்தன் பெட்டியைக் கூரையில் ஏற்றிக் கட்டிவிட்டு வந்து பக்கத்தில் இருந்தான். விடுதி வரைக்கும் அவன் கூடப் போகிறான். சிவதர்சினி யன்னலால் எட்டிப் பார்த்தாள். றோட்டோரத்தில் மாமியின் இடுப்பில் இசைநிலா, ஒரு கையில் விசுக்கோத்து.

"அம்மா போட்டு வாறன்," என்றாள் சிவதர்சினி.

"போட்டு வாங்கோ," என்று கையைக் காட்டினாள் மகள். பிறகு விசுக்கோத்தைக் கடித்தாள்.

அழவில்லை. முகம் கூட வாடவில்லை. அப்படித்தான் இருக்கவேண்டும் என்று பாடுபட்டுப் பழக்கியவள் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு சொட்டுக் கண்ணீர் வருமா என்று மகளின் முகத்தையே பார்த்தாள். பெற்ற தாய் போகிறாள், பிள்ளைக்கு விசுக்கோத்து.

பஸ் உறுமியது. இராசமலர் யன்னலைப் பார்த்தாள். சிவதர்சினியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, பிள்ளையின் சட்டைக்குக் கீழே தொடையில் இருந்த அவளுடைய கை ஒருதரம் நுள்ளித் திருகியது.

சிவதர்சினி அதைக் கண்டாள்.

பிள்ளை வீரிட்டது. விசுக்கோத்து றோட்டில் விழுந்தது. "அம்மா" என்று கத்தியது, திரும்பவும் "அம்மா" என்று கத்தியது. இராசமலர் அந்த அழுகையை நன்றாகத் தெரியும்படி யன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தாள். பெற்றவளுக்கு அவள் கொடுத்தனுப்பியது அதுதான்.

பஸ் நகர்ந்தது. நெஞ்சு நிறைந்துபோன சிவதர்சினி கழுத்தை வளைத்துத் திரும்பிப் பார்த்தாள். அம்மா அம்மா என்று கத்திய மகள், நுள்ளிய மாமியின் கழுத்துக்குள்ளேயே முகத்தைப் புதைத்தாள். சின்னக் கை மேலே ஏறி, அந்த வெறுங் காதைத் தேடிப் பிடித்தது.

"அழுகிறாள் போல கிடக்கு, இறங்கிப் பாக்கட்டோ?" என்றான் பிரசாந்தன்.

"வேண்டாம்," என்றாள் சிவதர்சினி. "மச்சாள் நிக்கிறாதானே."