நாலாவது சில்லு

கார் எங்கள் வீட்டு வளவுக்கு வந்த அன்று அதன் பின் ஆசனத்தில் மூன்று கோழி முட்டைகள் இருந்தன. உன்னிச்சையில் ஒரு வயற்காரரின் நெல் கொட்டிலுக்குள் பல வருடங்களாக நின்ற கார் அது. வெளிநாட்டு வாகனங்கள் நாட்டுக்குள் வராமல் நின்றிருந்த காலம் என்பதால், பழையது எதுவானாலும் ஆட்கள் தூசி தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவும் நானும் அப்படித்தான் பார்க்கப் போனோம், பிறகு கட்டி இழுத்துக்கொண்டு வந்துவிட்டோம். வளைந்த கூரையையும் உருண்ட முகத்தையும் கண்ட அம்மா, "ஆமையொண்டக் கட்டி இழுத்துட்டு வாறாங்க" என்றார். அன்றிலிருந்து அதன் பெயர் ஆமை.

அப்பா வாவியில் இறாலும் நண்டும் பிடிக்கிறவர். எழுத்து வாசிக்கத் தெரியாது. அம்மாவுக்குத் தன் பெயரை எழுத மட்டும் தெரியும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகமும் போய்வந்து இப்போது ஒரு அரசாங்க அலுவலகத்தில் வேலை செய்கிறேன். வீட்டுக்குள் வருகிற எழுத்து எதுவானாலும் முதலில் என் கைக்குத்தான் வரும். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்த தாள், கிராம சேவகரின் கடிதம், தொலைபேசியில் வந்த குறுஞ்செய்தி எல்லாவற்றையும் நான் வாசித்துச் சொன்னால் போதும், பிறகு அதில் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அந்த நம்பிக்கை எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் வாசித்துச் சொல்வதைத் தவிர அப்பாவும் நானும் பேசிக்கொள்ள வேறு எதுவும் இல்லாமல் போயிருந்தது. "திண்டயா?" "ஓம்." அவ்வளவுதான்.

ஆமை வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் மாறின. காரின் பழுதுபார்க்கும் புத்தகம் ஆங்கிலத்தில் தொலைபேசியில் இருந்தது. நான் ஒரு பந்தியை வாசித்துத் தமிழில் சொல்வேன். அப்பா காருக்குக் கீழே மல்லாந்து கிடந்து அதைச் செய்வார். ஆணி கழலாவிட்டால், "இத எழுதினவன் வாவிக்கரையில குடியிரிக்கல்ல மனே, அவனுக்கு உப்புக்காத்தத் தெரியாது" என்பார். தமிழ்ச் சொல் கிடைக்காத பாகங்களுக்கு நாங்களே பெயர் வைத்தோம். ஒரு வளைந்த இரும்புக்கு 'நண்டுக்கால்' என்று பெயர். இரண்டு வருடங்களில் அப்பாவோடு நான் பேசியது, அதற்கு முந்தைய இருபது வருடங்களில் பேசியதைவிட அதிகமாக இருக்கும்.

இயந்திரம் பிடித்தது. கதவுகள் மூடின. கடைசியாக பிரேக்.

பிரேக் குழாய்களுக்குள் காற்று இருந்தால் மிதி பஞ்சுபோல அமுங்கும். அந்தக் காற்றை நாலு சில்லிலும் சக்கரம் சக்கரமாக வெளியேற்ற வேண்டும். அப்பா உள்ளே இருந்து மிதித்தார். நான் வெளியே குந்தியிருந்து, சில்லுக்குப் பின்னால் உள்ள சிறிய திருகாணியைத் திறந்து மூடினேன். மூன்று சில்லு முடிந்தபோது மழை தூறத் தொடங்கியது. நாலாவது, வலப்பக்க முன் சில்லு. அதற்குப் போகிற குழாய்தான் மிகவும் குட்டை, அதில் காற்று நின்றிருக்காது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

"நாலும் முடிஞ்சா?" என்று அப்பா உள்ளேயிருந்து கேட்டார்.

"ஓம்" என்றேன்.

அடுத்த ஞாயிறு சித்தாண்டிக் கோயிலடிக்குப் போய் ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வருவதாகத் திட்டம். அப்பாதான் ஓட்டினார். இளவயதில் மீன் வான் ஓட்டியவர், லைசென்ஸ் இருந்தது. வழியெல்லாம் தெரிந்தவர்களுக்குக் கை காட்டிக்கொண்டு வந்தார். ஒரு வயல் வட்டையைத் தாண்டும் இடத்தில், வயலுக்குள் நின்ற கன்றுக்குட்டி ஒன்று தாயைக் கண்டுவிட்டு ரோட்டுக்கு ஏறியது. அப்பா பிரேக்கை மிதித்தார். கார் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய் மதகுக் கட்டில் மோதியது.

எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பாவின் நெற்றி மட்டும் கொஞ்சம் வீங்கியது. கன்று தாயிடம் போய்ப் பால் குடித்துக்கொண்டே எங்களைப் பார்த்தது. ஆமையின் இடப்பக்க மட்காட் கசங்கி, விளக்கு உடைந்து, பம்பர் மடிந்து, முன் சில்லு பின்னால் தள்ளப்பட்டிருந்தது. அப்பா இறங்கித் தன் கைகளைப் பார்த்தபடி நின்றார்.

"இந்த வாவியில காத்துக்குள்ளயும் தோணியக் கொண்டு போயிரிக்கன்" என்றார். "ஒரு கார நேராப் பிடிக்க ஏலாமப் போச்சே."

கார் இழுத்த அந்த நொடியிலேயே எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. வலப்பக்கப் பிரேக் பிடிக்கவில்லை. அதை நான் சொல்லவில்லை.

ஆமையைத் திரும்பவும் கட்டி இழுத்து வளவில் விட்ட பிறகு அப்பா காரின் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார். ஞாயிற்றுக்கிழமையிலும் தோணியை எடுத்துக்கொண்டு போனார். கேட்டால், "வித்துப்போடு. ஆருக்கும் உதவட்டும்" என்றார். பக்கத்துப் பட்டறைக்காரர் வந்து பார்த்துவிட்டு ஒரே ஒரு விஷயம் சொன்னார்: தகரம் கசங்கினால் தட்டி எடுக்கலாம், அடிச்சட்டம் கோணினால் கழற்றி விற்பதுதான் புத்தி. இதைக் கேட்டதும் எனக்குப் பாரம் இறங்கினதுபோல் இருந்தது. இனி முடிவை நான் எடுக்க வேண்டியதில்லை, அளவே முடிவு செய்துவிடும்.

புத்தகத்தில் வழி இருந்தது. அடிச்சட்டத்தின் மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு அளவு எடுக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் சட்டம் நேர். வீட்டில் இருந்த டேப் பத்தடிதான், குறுக்களவு அதைத் தாண்டியது. அதனால் வலை கட்டுகிற தங்கூசியை, மெல்லிய நைலோன் நூலை, எடுத்து ஒரு மூலையில் கட்டி, எதிர் மூலைவரை இழுத்து முடிச்சுப் போட்டேன். அதே நூலை மற்றக் குறுக்கில் பிடித்தபோது முடிச்சு இரண்டு விரல் தள்ளி நின்றது. இன்னொருமுறை அளக்கவில்லை. உண்மையைச் சொன்னால், கோணல் என்ற பதில் எனக்கு வசதியாக இருந்தது. கார் துண்டு துண்டாகப் போய்விட்டால் அந்த நாலாவது சில்லும் போய்விடும்.

அப்பாவிடம் சொன்னேன். "அளந்து பாத்தன். சட்டம் ரெண்டு விரல் கோணியிருக்கு."

"நீ பாத்தாச் சரிதானே" என்றார்.

அடுத்த ஞாயிறு காலை, ஏறாவூரிலிருந்து பழைய வாகனங்களைக் கழற்றி விற்கிற முஸ்லிம் வியாபாரி ஒருவர், ஊர் வழக்கில் காக்கா, சின்ன லொறியோடு வந்து சேர்ந்தார். தலையில் தொப்பி, காதில் பென்சில். காரை ஒருமுறை சுற்றி வந்தார்.

"கதவெல்லாம் தங்கம் மாதிரி இரிக்கே தம்பி. இத ஏன் வெட்டுறீங்க?"

"அடிச்சட்டம் கோணிற்று காக்கா. அளந்து பாத்தன்."

சற்றுத் தள்ளி வேலியோரம் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அம்மா தலை நிமிர்த்தினார். "எதால மனே அளந்த நீ?"

"தங்கூசியால."

அம்மா கையிலிருந்த வலையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். "இஞ்சப் பாருங்க காக்கா! தோணிக்காரன்ட புள்ள தங்கூசியால அளந்திரிக்காம்! மீன் இழுத்தா அது ஒரு முழம் நீளுமே. அத ஒருக்கா மெல்லமா இழுத்திரிப்பாய், மறுகா பலமா இழுத்திரிப்பாய். இதுக்கா கம்பஸுக்குப் போய்ப் படிச்ச நீ?"

காக்காவும் சிரித்தார். "நல்லகாலம் தம்பி, நீங்க புடவைக்கடை வெக்கல்ல."

எனக்குக் காது சூடானது. பிறந்ததிலிருந்து தங்கூசிக்குள் வளர்ந்தவன் நான். சுருள் விடவேண்டும் என்று அதை எவ்வளவு இழுத்தேன் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அப்பா சிரிக்கவில்லை. வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர் கரைக்குப் போனார். தோணி தள்ளுகிற நீளக் கம்பைத் தோளில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு காருக்குக் கீழே நுழைந்தார். விபத்துக்குப் பிறகு அவர் அதன் பக்கம் போனது அன்றுதான். கம்பின் ஒரு நுனியை மூலையில் முட்டவைத்து, மறு மூலை வருகிற இடத்தில் கத்தியால் ஒரு வெட்டு. பிறகு மற்றக் குறுக்கில் வைத்து இன்னொரு வெட்டு. வெளியே வந்து கம்பை எங்கள் முன் போட்டார்.

இரண்டு வெட்டுக்கும் இடையில் ஒரு நெல் கிடக்கலாம், அவ்வளவுதான் இடைவெளி.

காக்கா குனிந்து பார்த்தார். "இந்த வயசுக் காருக்கு ஒரு நெல்லளவு கோணலா? அது பிறக்கும்போதே இரிந்திரிக்கும். அண்ணன், இத வெட்டினா எனக்குத்தான் பாவம்."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் கம்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கார் நேராத்தான் இரிக்கி" என்றார். "என்ட கைதான் சரியில்ல. காக்கா, நீங்க இத வெட்டாமக் கொண்டு போய் ஓடத் தெரிஞ்ச ஆருக்காவது குடுங்க."

அந்த இடத்தில்கூட வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கார் போயிருக்கும், நல்ல கைக்குத்தான் போயிருக்கும். ஆனால் அப்பா தன் கைகளைப் பார்த்த விதம் மதகடியில் பார்த்ததைப் போலவே இருந்தது. இனி தோணியில் ஏறும்போதும் அவர் அப்படித்தான் பார்த்துக்கொள்வார் என்று தோன்றியது.

"அப்பா, நாலும் முடியல்ல" என்றேன்.

"என்ன நாலு?"

"பிரேக்ல காத்து எடுத்தமே. மூணுதான் எடுத்தன். நாலாவது சில்லு எடுக்கல்ல. நீங்க கேக்க, ஓம் எண்டு பொய் சொன்னன். ஒரு பக்கம் பிடிச்சு மற்றப் பக்கம் பிடிக்காட்டி கார் இழுக்கும். அதான் இழுத்தது."

காக்கா காதிலிருந்த பென்சிலை எடுத்து, பார்த்துவிட்டு, திரும்பவும் காதிலேயே வைத்தார்.

"எந்தச் சில்லு?" என்று கேட்டார் அப்பா.

"வலப்பக்கம் முன்னுக்கு."

அப்பா காற்றில் ஸ்டியரிங்கைப் பிடிப்பதுபோல் இரண்டு கைகளையும் தூக்கினார். மெல்ல வலப்பக்கம் திருப்பினார்.

"நான் வலப்பக்கம்தான் பிடிச்சன். கார் வரல்ல."

"வராது அப்பா."

"நான் பிடிச்சன்."

"பிடிச்சீங்க. கார்தான் வரல்ல."

சிறிது நேரம் கைகள் அப்படியே நின்றன. பிறகு ஒரு கை இறங்கி என் பிடரியில் விழுந்தது. பலமாகத்தான் விழுந்தது.

"படிச்ச கழுத! வாசிச்சுச் சொல்லுறவன் பொய் சொன்னா, வாசிக்கத் தெரியாதவன் ஆரிட்டப் போய்க் கேக்கிற?"

பிடரி எரிந்தது. ஆனால் அவர் குரல் காருக்குக் கீழிருந்து வருகிற பழைய ஞாயிற்றுக்கிழமைக் குரலாகியிருந்தது.

"சரி, சரி" என்றார் காக்கா. "எடுத்துப் போக லொறியோட வந்த நான் இப்ப என்ன செய்யிற? என்ட கொட்டில்ல இதுட சோடி ஒண்டு கிடந்து உக்குது. இடப்பக்க மட்காட் நல்லா இரிக்கி. நிறம்தான் பச்சை."

"பச்சையெண்டா என்ன" என்று அம்மா வலையை எடுத்தபடி சொன்னார். "ஆமைக்குப் பாசி பிடிக்கிறதுதானே."

அன்று பின்னேரமே அப்பா காக்காவின் லொறியில் ஏறி ஏறாவூருக்குப் போய் மட்காட்டோடு வந்தார். நண்டுக்கால் ஒன்றையும் கேட்டு வாங்கி வந்திருந்தார். காக்காவுக்கும் அந்தப் பெயரையே சொல்லிக் கொடுத்திருப்பார் என்று நினைக்கிறேன். மதகுக் கட்டின் மூலை மண்வெட்டியைவிடக் கூராக இருந்திருக்க வேண்டும். கசங்கிய தகரத்தை வெட்டி எடுக்கவே இரண்டு ஞாயிறு போனது. மாரி தொடங்கியது, நாங்கள் மேலே ஒரு தறப்பாளைக் கட்டிக்கொண்டோம்.

கடைசியாகத் திரும்பவும் பிரேக். இம்முறை நான் நாலாவது சில்லில் இருந்து தொடங்க விரும்பினேன், ஆனால் புத்தகம் அதைக் கடைசியில்தான் செய்யச் சொல்கிறது. அதையும் அப்பாவுக்கு உள்ளபடியே வாசித்துக் காட்டினேன். வரிசையாக மூன்றும் முடிந்தன. தறப்பாளில் மழை தட்டிக்கொண்டிருந்தது. வலப்பக்கம் குந்தியிருந்து ஆணியைத் திறந்தேன். எண்ணெய்க்குள் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

"நாலும் முடிஞ்சா?" என்று அப்பா உள்ளேயிருந்து கேட்டார்.

"இன்னும் இல்ல அப்பா. காத்து வருது. இன்னொருக்கா மிதிங்க."

அவர் மிதித்தார்.